எல்லா நாளும் 4

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம் அரசு மருத்துவமனைகளுக்கான என்.கியூ.ஏ.எஸ். என்ற தேசியத் தரச்சான்றுக்குத் தயாரான வருஷம், முதல் மூன்று மாதம் எனக்கு அது வெள்ளையடிக்கிற வேலையாகத்தான் தெரிந்தது. போர்டு மாட்டினோம். குப்பைத் தொட்டிகளுக்கு மஞ்சள், சிவப்பு, நீலம் பார்த்து இடம் மாற்றினோம். விடுபட்ட கையெழுத்துகளையும் போட்டோம், பழைய தேதியில்தான். ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்கும் 0, 1, 2 என்று மார்க். 70 சதவீதம் எடுத்தால் பாஸ். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தோம்.

மாவட்டத் தரக் குழுவிலிருந்து வந்த மேடம் போர்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக ஐ.எல்.ஆர்., அதாவது தடுப்பூசி வைக்கிற குளிர்பெட்டியின் வெப்பநிலை ரிஜிஸ்டரை எடுத்தார். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். எங்கள் ரிஜிஸ்டரில் மாதம் முழுக்க 4. ஞாயிற்றுக்கிழமையும் 4. ஒரே பேனா, ஒரே கையெழுத்து. என்னுடையதுதான்.

"போன மாசம் மழை அன்னிக்கு இங்க கரண்ட் இருந்துச்சா சிஸ்டர்?"

"இல்ல மேடம். மத்தியானம் போனது ராத்திரிதான் வந்துச்சு."

"அன்னிக்கு சாயங்காலமும் நாலா?"

ஐ.எல்.ஆர். சுவருக்குள் பனி உறைந்திருக்கும். கரண்ட் போனாலும் பல மணி நேரம் குளிர் தாங்கும். அன்றைக்கு நிஜமாகவே 4 இருந்திருக்கலாம். ஆனால் நான் பார்க்கவில்லையே. மேடம் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "பென்டாவேலன்ட் தடுப்பூசி ஒரு தடவை உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். தெரியாம போட்டா குழந்தைக்கு வலி மட்டும்தான் மிச்சம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை யார் பார்ப்பது என்று எங்களுக்குள் பேசினதே இல்லை. அந்த அறைச் சாவி சனிக்கிழமை ஃபார்மசிஸ்ட் அண்ணனோடு வீட்டுக்குப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம்! சாவியைப் பிரசவ வார்டில் மாட்டினோம், டியூட்டி சிஸ்டர் பார்ப்பது என்று முடிவானது. ரிஜிஸ்டரில் 5 வந்தது, 3 வந்தது, ஒரு நாள் 6.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் 9 டிகிரி. மூடி ரப்பர் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது. அண்ணன் பைக்கில் ஓடிவந்தார். இருவரும் குப்பிகளைக் கோல்டு பாக்ஸுக்கு மாற்றி, ஒவ்வொன்றிலும் சூடு பட்டால் கருத்துப்போகிற வி.வி.எம். சதுரத்தை டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளுப்பாகவே இருந்தது.

அந்த மாத உள் மதிப்பீட்டில் வெப்பநிலை ரிஜிஸ்டர் வரிக்கு 1 மார்க் போட்டோம். பார்க்காமல் எழுதிய காலத்தில் நாங்களே 2 போட்டிருந்தோம்.