முதல்ல காதுங்க, அப்புறந்தான் பட்டன்

போன மாசம் ரெண்டு பேருக்கு நம்ம கொரல வாங்கித் திருப்பிக் கீழ அனுப்பற எஸ்ஓ-50ங்கற ஹாம் ரேடியோ சேட்டிலைட்ல பேசக் கத்துக் குடுத்தேங்க. ஒருத்தர் மில்லுல எலக்ட்ரீசியன், இன்னொன்னு பாலிடெக்னிக் படிக்கிற பாப்பா, ரெண்டு பேருமே புதுசா வீயூ3ன்னு ஆரம்பிக்கற கால்சைன் (ஹாம் லைசென்ஸோட வர்ற அடையாளப் பேரு) வாங்குனவங்க. வந்ததுமே "அண்ணா எப்பங்க பேசலாம்"னு கேட்டாங்க, நான் மூணு பாஸுக்கு, அதாவது சேட்டிலைட் நம்ம வானத்த மூணு தடவ கடந்து போற வரைக்கும், பேசற பட்டனையே தொட வுடல.

நான் ஆரம்பிச்சப்ப சேட்டிலைட் சத்தம் காதுலயே வுழாம மேல கூப்ட்டுக்கிட்டே இருந்தேன், அது தப்புன்னு லேட்டாத்தான் புரிஞ்சுது. எஃப்எம் சேட்டிலைட்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், நம்ம கேக்காம அமுக்குனா ஏற்கெனவே பேசிட்டிருக்கறவங்க மேல போய் வுழறோம், பாஸே பத்துப் பன்னெண்டு நிமிசந்தான்.

பெருந்துறைல எங்க மொட்டை மாடியச் சுத்தியும் தென்னமரம். அதனால சென்னிமலைப் பக்கம் சொந்தக்காரர் காட்டுக்குப் போயிட்டோம், கடலக்கா புடுங்கி முடிச்ச வெறுங்காடு, நாலு பக்கமும் அடிவானம் தெரியும். ஆன்டெனா பிவிசி பைப்புல ஸ்டீல் டேப்ப வெட்டி மாட்டுன யாகிதான் (ஒரே தெசையப் பாத்துப் புடிக்கற ஆன்டெனா), அஞ்சு வாட் ஹேண்டி (கையில புடிக்கற ரேடியோ) போதும்.

மேல அனுப்பறது 145.850 மெகாஹெர்ட்ஸ், கூடவே 67.0 ஹெர்ட்ஸ் டோன், அது இருந்தாத்தான் சேட்டிலைட் நம்ம கொரல எடுத்துக்கும். கீழ வர்றது 436.795, ஆனா சேட்டிலைட் கிட்ட வரும்போது பத்து கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் மேல தெரியும், தாண்டிப் போறப்ப அதே அளவு கீழ எறங்கும், அது வேகமா நகர்றதால வர்ற டாப்ளர்ங்க. அதுக்காக 436.805ல இருந்து 436.785 வரைக்கும் அஞ்சஞ்சு கிலோஹெர்ட்ஸா அஞ்சு சேனல் போட்டு வெச்சுக் குடுத்தேன், கொரலு கரகரன்னு ஆச்சுன்னா ஒரு சேனல் எறக்கிக்கணும், அவ்ளோதான். மேல போறதுல ஷிப்ட் மூணு கிலோஹெர்ட்ஸ் சில்லறைதான், அத தொட வேண்டியதில்ல.

ஸ்குவெல்ச்ச (சிக்னல் இல்லாதப்ப இரைச்சல அடைக்கறது) முழுசா தொறந்து வெச்சு இரைச்சலக் கேட்டுட்டே நிக்கச் சொன்னேன். ரெண்டாவது பாஸ்ல பாப்பா ஆன்டெனாவ தெக்கால நீட்டிப் புடிச்சிருக்கு, சத்தம் வந்து வந்து மங்குது, நான் ஒன்னும் சொல்லல, அதுவா மணிக்கட்ட ஒரு கால் சுத்து திருப்புச்சு, டக்குனு கொரலு தெளிஞ்சுது. சேட்டிலைட் உருண்டுக்கிட்டே போறதால போலரைசேஷன் (அலை எந்த வாக்குல ஆடுதுங்கறது) மாறிட்டே இருக்கும், அத நான் பத்து தடவ வாயில சொன்னாலும் இப்படிப் பதியாது.

பேசும்போது கேக்கறதுக்கு ரெண்டாவது ஹேண்டி. ரெண்டையும் ஒட்டி வெச்சப்ப அமுக்குன ஒடனே ரிசீவர் செவிடாயிருச்சு, 145.850ஓட மூணாவது ஹார்மோனிக், அதாவது மூணு மடங்கு, கேக்கற அலைவரிசைக்குப் பக்கத்துல 437.550ல போய் நிக்குது பாருங்க. கேக்கற ரேடியோவ அக்கட்ட நாலடி தள்ளி எலக்ட்ரீசியன் கையில குடுத்து, நீள ஒயர்ல இயர்போன் போட்டதும் சரியாச்சு.

நாலாவது பாஸ். யாரும் வரல, சேட்டிலைட்டோட டைமர் அணைஞ்சிருக்கும்னு நானே 74.4 டோன்ல ரெண்டு செகண்ட் அமுக்கி எழுப்பி வுட்டேன், பத்து நிமிசத்துக்கு முழிச்சிருக்கும். பாப்பா கால்சைன் சொல்லுச்சு, சொல்லி முடிக்கறதுக்குள்ளயே "அண்ணா, என் கொரலே எனக்குக் கேக்குதுங்க"ன்னு கண்ணு ரெண்டும் விரிஞ்சு போச்சு. ஒடனே தாய்லாந்துல இருந்து ஒருத்தர் பதில் குடுத்தாரு, இது "மைக் கிலோ எய்ட் ஒன்"னு நம்ம கிரிட்ட (நம்ம எடத்தோட கட்டக் குறியீடு) நிதானமா சொல்லுச்சு, பென்சில்ல நேரம் குறிச்சு வெச்சுது. எலக்ட்ரீசியன் பேச வாயெடுக்கறதுக்குள்ள சேட்டிலைட் வடகெழக்கால எறங்கிருச்சு. வீட்டுக்குப் போலாம்னேன், அவர் நகரல. ஒன்னரை மணி நேரங் கழிச்சு மேக்கால தள்ளி வந்த பாஸ்ல அவரும் ஒரு காண்டாக்ட் போட்டுட்டுத்தான் வண்டி எடுத்தாரு.