ஜெயிலிலிருந்து வருபவருக்கு முதலில் தேவை ஒரு சிம்

புழலிலிருந்தோ பாளையங்கோட்டையிலிருந்தோ ஒருவர் வெளியே வந்ததும் வேலை வாங்கித்தர ஓடுகிறோம். அதற்கு முன்னால் செல்போன் நம்பரைப் பாருங்கள். மாதக்கணக்கில் ரீசார்ஜ் இல்லாத சிம் செத்திருக்கும், அந்த நம்பர் வேறு யாரிடமாவது கூடப் போயிருக்கும். ஓடிபி அங்கேதான் போகும்; இ-சேவை மையத்தில் பாதி வேலை நடக்காது. ஆதார் எண்ணும் கைரேகையும் இருந்தால் புது சிம் வாங்கலாம். கையோடு ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிவிடுங்கள், தனி ஆவணம் தேவையில்லை.

2 வருடம் வரவுசெலவு இல்லாத வங்கிக் கணக்கு முடங்கியிருக்கும். பணம் எங்கும் போகாது. கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்தால் திறந்துவிடுவார்கள், கட்டணம் கிடையாது.

ஜாமீனில் வந்தவரா? உத்தரவு நகலை வாங்கி, எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்குக் கையெழுத்து என்பதை வீட்டுத் தினசரிக் காலண்டரில் எழுதுங்கள். பலர் மறுபடி உள்ளே போவது புதுக் குற்றத்தால் அல்ல, வாய்தாவைத் தவறவிட்டு பிடிவாரண்ட் வந்ததால். வக்கீல் வைக்க வசதியில்லையா, இலவச சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போடுங்கள்.

உள்ளே காசநோய் மாத்திரை சாப்பிட்டவர் சிகிச்சைச் சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்டவே கூடாது. வழக்கமான கோர்ஸ் 6 மாதம், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். நடுவில் விட்டால் அப்புறம் அதே மாத்திரை கேட்காமல் போகலாம்.