இணைக்கயல் முதல் வழிவாய்க்கால் வரை: திருகோணமலையில் மூன்று நாட்கள்

நிலாவெளியில் அம்மாவின் பெயரில் கிடக்கும் ஒரு துண்டுக் காணியை எங்கள் பெயருக்கு உறுதி முடிப்பதற்காகச் சென்ற ஆவணி மாதத்தில் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போயிருந்தேன். ஒப்பமிட வேண்டிய பெரியப்பாவின் மகன் கொழும்பிலிருந்து வந்து சேர இன்னும் இரண்டு நாட்கள் ஆகும் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. வந்த எரிச்சலை அடக்கிக்கொண்டு ஊர் பார்க்கப் புறப்பட்டேன். எதையும் திட்டமிட்டுப் பார்க்கவில்லை என்றாலும், நான் போன இடங்களிலெல்லாம் இந்த மண்ணை ஒருநாளும் மிதித்திராத ஏதோ ஒரு பேரரசரின் பெயர் எனக்கு முன்பாகவே போய் உட்கார்ந்திருந்தது.

முதலில் பிரடரிக் கோட்டை. வாசலின் கல் நிலையில் இரண்டு கயல் மீன்கள் செதுக்கப்பட்டிருப்பதை, கோணேசர் கோயிலுக்குப் போகும் அவசரத்தில் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அது பாண்டியரின் இலச்சினை. 13ஆம் நூற்றாண்டில் சடாவர்மன் வீரபாண்டியன் ஈழத்தின்மீது படையெடுத்து வென்று, கோணமலையில் இணைக்கயல் பொறித்ததாகப் புதுக்கோட்டைச் சீமையில் உள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு சொல்கிறது. வென்ற நாட்டின் மலையில் தன் மீனைப் பொறித்துவிட்டு, பொறித்த செய்தியைத் தன் நாட்டுக் கோயில் சுவரில் எழுதிவைப்பதுதான் அக்கால அரசியலின் ஒழுங்கு. இங்கே ஆளுவதைவிட, இங்கே ஆண்டதாக அங்கே படிக்கப்படுவது அவனுக்கு முக்கியமாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அதே நிலைக் கல்லில்தான் ‘முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே’ என்று தொடங்கும் வரிகளும் சிதைந்து கிடக்கின்றன. குளக்கோட்டன் என்பவன் கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் பழைய மன்னன்; பறங்கி என்பது போர்த்துக்கேயரை. 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்தான். அந்தக் கற்களைக்கொண்டே கோட்டை எழும்பியது. மீன் பொறித்த கல்லும் அப்படித்தான் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அப்போது போர்த்துக்கல்லுக்கும் ஸ்பானியாவுக்கும் ஒரே அரசன். அவன் மட்ரிட்டில் இருந்தான். பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கோட்டை கைமாறி, 1803இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் மகன் பிரடரிக்கின் பெயரைப் பெற்றது. அந்த இளவரசனும் இங்கே வந்ததில்லை. இன்று கோட்டைக்குள் இராணுவமும் புள்ளிமான்களும் இருக்கின்றன. மான்களுக்கு எந்தச் சோதனைச் சாவடியும் இல்லை.

சுவாமி மலையின் உச்சியில், சம்பந்தர் பாடிய கடல் இன்றும் பாறையில் மோதிக்கொண்டிருக்கிறது. இப்போதுள்ள கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. அங்கே நின்றபோது என் மனம் போனது நிலாவெளிக் கல்வெட்டின் பக்கம். கோணமாமலை மச்சகேசுவரத்து இறைவனுக்கு 250 வேலி நிலம் கொடுக்கப்பட்டதைக் கூறும் சோழர் காலத்துக் கல்வெட்டு அது. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் என்று கொண்டால் 1,700 ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக வரும். எங்கள் நாற்பது பேர்ச்சுக் காணி அந்த எல்லைக்குள் விழுமோ என்று கணக்குப் பார்த்தேன். அப்படி விழுந்தால் கோணேசர் வழக்குப் போடலாம் என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னதற்கு அம்மா சிரிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஓட்டோ பிடித்துப் பெரியகுளத்துக்கு அருகிலுள்ள வெல்கம் விகாரைக்குப் போனேன். இந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். காட்டோரத்தில் செங்கல் அத்திவாரங்களும், கல்லில் நிற்கும் புத்தர் சிலையும், அவற்றோடு தமிழ்க் கல்வெட்டுகளும். சோழராட்சியில் இந்தப் பௌத்த விகாரைக்கு ‘இராசராசப் பெரும்பள்ளி’ என்று பெயர். விளக்கெரிக்கப் பசுக்களும் பொருளும் கொடுத்தவர்களின் பெயர்கள் தமிழில் இருக்கின்றன. அயலூர்த் தமிழர் பிற்காலத்தில் இதனை நாதனார் கோயில் என்று அழைத்துவந்தார்கள்.

இதை வைத்துச் சோழரின் சமயப் பொறையைப் புகழ்ந்து எழுதுவது எளிது. ஆனால் அதே சோழப் படை அனுராதபுரத்து விகாரைகளைக் கொள்ளையிட்டதை, சிங்கள அரசரின் வரலாறு கூறும் பாளி நூலான சூளவம்சம் கசப்போடு கூறுகிறது. 1017இல் அனுராதபுர அரசன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்துக்கொண்டு போய், அவன் சோழநாட்டிலேயே இறக்க விட்டார்கள். ஒரு கையால் தாதுகோபத்தை உடைத்தவர்கள் இன்னொரு கையால் விகாரைக்கு விளக்கேற்றியது முரண்பாடு அன்று. பகைவனின் தலைநகரில் இருந்த கோயில் அவனுடைய அரசுரிமையின் அடையாளம்; துறைமுகத்துக்கு அருகில், தமிழ் பேசும் பௌத்தர்கள் வழிபட்ட பள்ளியோ சோழருக்கு வேண்டிய குடிகளின் கோயில். முன்னதை அழிப்பதும் பின்னதற்குத் தன் பெயரைச் சூட்டுவதும் ஒரே அரசியல்தான். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய மன்னன் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடுத்ததும் இந்த வகையே. அவன் வாயால் சொன்ன கொடையை, அவன் இறந்த பிறகு மகன் இராசேந்திரன் செப்பேட்டில் ஏற்றி நிலைநாட்டினான்; அந்த ஏடுகள் பிற்காலத்தில் ஒல்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. பேரரசனின் சொல்லே சட்டம் என்கிறோம். ஆனால் சொன்னவன் போன பின்பும் அது நிற்க வேண்டுமானால் எல்லை நடந்து, அளந்து, எழுதி, சாட்சி வைக்கத்தான் வேண்டியிருந்தது.

மாலையில் கந்தளாய்க்குப் போனபோது குளத்தின் கட்டில் காற்று பலமாக அடித்தது. அதிக நேரம் நிற்கவில்லை. சோழர் காலத்தில் கந்தளாய் இராசராசச் சதுர்வேதிமங்கலம். இராசேந்திரன் தன் மகனொருவனைச் சோழ இலங்கேசுவர தேவர் என்ற பட்டத்தோடு இங்கே ஆள வைத்தான். அந்தப் பட்டத்தோடு கந்தளாயிலும் மானாங்கேணியிலும் கல்வெட்டுகள் கிடைத்துள்ளன. கந்தளாய்க் கல்வெட்டில் அரசனின் பெயர் முன்னால் வருகிறது. ஊரின் காரியத்தில் முடிவெடுப்பவர்களோ பெருங்குறிப் பெருமக்கள், அதாவது ஊர்ச்சபையார். தலைநகரில் இருப்பவனுக்குக் கந்தளாயின் மடை எது, வாய்க்கால் எது என்று எப்படித் தெரியும்? அவன் பெயரைத் தலையில் வைத்துக்கொண்டு, ஊரார் தங்கள் ஊரைத் தாங்களே நடத்தினார்கள்.

சோழர் போன பிறகு நடந்தது இதைவிடச் சுவையானது. 1070இல் அவர்களைத் துரத்திய முதலாம் விசயபாகு காலத்தில், அருகிலுள்ள பளமோட்டையின் தமிழ்க் கல்வெட்டு, தென்கயிலாசமான விசயராச ஈசுவரம் என்ற சிவன் கோயிலுக்கு ஒரு பிராமணப் பெண் கொடுத்த அறக்கொடையைக் குறிப்பிட்டு, அதைக் காக்கும் பொறுப்பை அரச சேவையிலிருந்த வேளைக்காரர் என்ற போர்வீரர் படையிடம் ஒப்படைக்கிறது. சோழன் பெயரில் புத்தப்பள்ளி. சிங்கள மன்னன் பெயரில் சிவன் கோயில். இன்று இந்த மாவட்டத்தில் எந்தக் கல் யாருடையது என்று சண்டை பிடிப்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களையும் ஒன்றாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால் பயன் இருக்கும் என்று நம்புமளவுக்கு நான் இளையவன் அல்லன்.

மூன்றாம் நாள், உறுதி எழுதும் நொத்தாரிசு ஐயாவோடு காணியைப் பார்க்கப் போகும் வழியில், நிலாவெளி வீதியிலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் இறங்கினோம். ஒரே அளவுக் கற்கள், ஒழுங்காக வெட்டிய புல். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. எங்கள் மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியதும் அன்றுதான். அந்த விமானிகளைக் கட்டுப்படுத்திய 1889ஆம் ஆண்டு யாப்பின்படி பேரரசர் புனிதமானவர், மீறப்படக் கூடாதவர். தரைப்படைக்கும் கடற்படைக்கும் உச்சத் தளபதியும் அவரே. 1947 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய யாப்பு அதே மனிதரை நாட்டினதும் மக்களின் ஒற்றுமையினதும் சின்னம் என்று மட்டும் கூறி, ஆட்சி அதிகாரம் எதுவும் அவருக்கு இல்லை என்று வரையறுத்தது. பாராளுமன்றம் தெரிவு செய்தவரைப் பிரதமராக நியமிப்பார். புத்தாண்டில் கவிதை அரங்கு நடத்துவார். அரண்மனை வயலில் நாற்று நடுவார். ஆனாலும் அந்த நாட்டில் ஆண்டுகளை இன்றும் பேரரசரின் ஆட்சிக் காலத்தை வைத்தும் எண்ணுகிறார்கள். 2019இல் தந்தை முடிதுறந்து மகன் பதவியேற்றதும் ஆண்டுக்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. கந்தளாய்க் கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் பெயர் நிற்பதற்கும் இதற்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை.

காணியில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் துண்டிலிருந்து வீதிக்கு வர அயலவர் காணியின் ஓரமாகப் பத்தடிப் பாதை ஒன்றுண்டு. அவர் அதை மறிக்கப் போவதாகப் பேச்சு. நான் கவலைப்பட்டதைக் கண்டு ஐயா சொன்னார்: “பயப்பிடாதேங்கோ தம்பி. இந்தப் பாதைக்குப் பொறுப்பு நிற்கிறவர் ஒரு பேரரசர்.” அவர் சொன்னது கிழக்கு உரோமப் பேரரசர் யுஸ்தினியனை. 533இல் அவர் வெளியிட்ட சட்டப் பாடநூலில், பிறர் நிலத்தின்மீது ஒருவருக்கு இருக்கக்கூடிய உரிமைகளாக நடக்கும் வழி, மாடு ஓட்டும் வழி, வண்டி வழி, நீர் கொண்டுபோகும் வாய்க்கால் என்று வரிசை இருக்கிறது. அதை ஒல்லாந்துச் சட்ட அறிஞர்கள் தங்கள் நாட்டு வழக்கத்தோடு இணைத்தார்கள். ஒல்லாந்தர் இங்கே கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதைத் தொடர விட்டார்கள். இன்றும் இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டமே. பாண்டியனின் மீன் வாசல் கல்லோடு நின்றுவிட்டது; ஒரு படைவீரனைக்கூட இந்தப் பக்கம் அனுப்பாத யுஸ்தினியனோ நிலாவெளிப் பனைகளுக்கு நடுவே வேலி அடைப்பதைத் தடுக்கிறார்.

பின்னேரம் அண்ணன் வந்து சேர்ந்ததும் அலுவலகத்தில் உறுதியை வாசித்துக் காட்டினார்கள். எல்லைகள் நான்கும் சொல்லப்பட்டு, தென்னை, பனை, கிணற்றுப் பங்கு எல்லாம் முடிந்த இடத்தில், எங்கள் பாட்டன் காலத்து உறுதியில் இருந்தது போலவே ‘வழிவாய்க்கால் பாத்தியதையும்’ என்ற சொல் வந்தது. அந்த இடத்தில் எழுதுவினைஞரை நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். பிழை ஏதும் இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு ஒப்பமிட்டேன்.