கேள்வி யாருக்கு?

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு ஒன்று அந்தத் திரைமீது பொருத்தப்பட்டிருந்தது. நடுங்கும் விரல் பக்கத்து எழுத்தில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அதில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு துளை. பெருமூளை வாதம் உள்ள அந்த 22 வயது இளைஞர் துளை துளையாகத் தேடி அழுத்திக்கொண்டிருக்க, நான் அவருடைய தாயாரிடம், "பகல் நேர வேலையென்றால் இவருக்கு ஒத்துவருமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தாயார் பதில் சொல்லி முடிப்பதற்குள், அழுத்திய எழுத்துகளைக் குரலாக்கும் அந்தக் கருவி பேசியது: "கேள்வி எனக்கா, அம்மாவுக்கா?"

கலிஃபோர்னியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில் மறுவாழ்வு ஆலோசகராக நான் சேர்ந்து நான்கு மாதங்கள்கூட ஆகாத நேரம் அது. இயந்திரக் குரலில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மரியாதை என்று நினைத்து நான் செய்த காரியம் அது. பெரியவர் ஒருவர் கூட வந்திருக்கும்போது அவரை விட்டுவிட்டுச் சிறியவரிடம் பேசும் வழக்கம் நம் வீடுகளில் ஏது?

ஊரில் இந்த வேலையை விளக்குவது எளிதன்று. வேலூரில் இருக்கும் அத்தை இதை வேலைவாய்ப்பு அலுவலகம் என்று எடுத்துக்கொண்டு, தம் மகனின் பயோடேட்டாவை வாட்ஸ்அப்பில் மூன்று முறை அனுப்பிவிட்டார். உண்மையில் என் வேலை இதுதான்: வேலைக்குப் போக உதவி கேட்டு மாற்றுத்திறனாளி ஒருவர் விண்ணப்பித்தால், அவருக்கு அந்த உதவி பெறும் தகுதி உண்டா என்று 60 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். தகுதி உறுதியானபின் 90 நாட்களுக்குள் எந்த வேலை, அதற்கு என்ன பயிற்சி, என்ன கருவி, செலவு யாருடையது என்று அவரோடு உட்கார்ந்து ஒரு திட்டம் எழுத வேண்டும். அதில் என் கையெழுத்து மட்டும் போதாது, அவருடைய கையெழுத்தும் வேண்டும். வேலையில் சேர்ந்து குறைந்தது 90 நாட்கள் அவர் நிலைத்தபின்தான், வெற்றி என்று எழுதிக் கோப்பை மூட முடியும்.

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தக் கையெழுத்துதான். 1973ஆம் ஆண்டின் அமெரிக்க மறுவாழ்வுச் சட்டமும் அதன் பின்னர் வந்த திருத்தங்களும் வேலையைத் தெரிவு செய்யும் உரிமையை அவரிடமே வைக்கின்றன. அந்த உரிமை எளிதில் வந்ததன்று. எட் ராபர்ட்ஸ் 14 வயதில் போலியோ கண்டு, கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் செயலிழந்தவர். 1960களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்க அவர் உதவி கேட்டபோது, இவரால் ஒருநாளும் வேலை பார்க்க முடியாது என்று மாநில மறுவாழ்வுத் துறை முதலில் மறுத்தது. 1975இல் அதே துறைக்கு அவரையே இயக்குநராக நியமித்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு முதலில் தோன்றியது, எங்கள் சித்தப்பாவுக்கும் போலியோதானே என்பதுதான்.

அந்த இளைஞர் மறுமுறை வந்தபோது அவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேலை செய்ய ஆசை?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். பதில் வர நான்கு நிமிடங்கள் ஆயின. நாற்றுப் பண்ணை என்றார். நான் மனத்தில் வைத்திருந்ததோ வீட்டிலிருந்தே கணினியில் செய்யும் பதிவு வேலை; நடக்க முடியாதவருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை என்ற பழைய கணக்கு. அவர் சொன்னதையே திட்டத்தில் எழுதினோம். பண்ணையின் சரளைக்கல் பாதையில் சக்கர நாற்காலி புதைந்தது. உரிமையாளர் வரிசைகளுக்கு நடுவே பலகை போட்டுத் தந்தார், நாற்றுத் தட்டுகளை மடி உயரத்துக்கு ஏற்றி வைத்தார். 1990இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் நியாயமான வசதி என்று சொல்வது பல நேரங்களில் இவ்வளவுதான்: நாலு பலகை, ஒரு மேசை. செடிகளின் பெயர்ச்சீட்டுகளை அச்சிட்டுத் தட்டுகளில் செருகுவது அவர் வேலை. நான் போயிருந்த அன்று ஒரு தக்காளி நாற்றை என் பக்கம் தள்ளினார். இலை பட்ட விரலை முகர்ந்தேன்; எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தின் வாசனை.

இங்கே வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முருங்கைக்கீரை எந்தக் கடைக்கு எந்தக் கிழமை வரும் என்பது தெரியும், ஊர் பழகிவிட்டது என்று எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் அந்த வாசனை என்னை நேரே காட்பாடி வீட்டுத் திண்ணையில் கொண்டுபோய் விட்டது. அங்கே சித்தப்பா ரேடியோவைப் பிரித்துப் போட்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பார். அந்த வேலையைத் தீர்மானித்தவர் தாத்தா, கூலி பேசியவர் அப்பா, பணத்தை வாங்கி வைத்தவர் பாட்டி. வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் எதிரிலேயே, "தம்பிக்கு உடம்பு தேவலையா?" என்று பாட்டியிடம் கேட்பார்கள். கல்யாணங்களில் தாம்பூலப் பை கொடுக்கும் மேசையில் அவரை உட்காரவைப்போம். அன்பில் ஒரு குறையும் இருந்ததில்லை, சத்தியமாகச் சொல்வேன். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை.

நானும் கேட்டதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவிடம்தான், "சித்தப்பா எப்படி இருக்கிறார்?" என்று விசாரித்து வந்தேன். அந்த இளைஞருக்கு 90 நாட்கள் முடிந்த வாரம், போனைச் சித்தப்பாவிடமே கொடுக்கச் சொன்னேன். "சித்தப்பா, சின்ன வயசுல நீங்க என்ன வேலைக்குப் போகணும்னு ஆசைப்பட்டீங்க?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "லைன் கட்டாயிடுச்சா?" என்று பின்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தார். நான் காத்திருந்தேன்.

"காட்பாடி ஸ்டேஷன்ல மைக்ல அறிவிப்பு சொல்ற வேலைம்மா" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினார். வண்டி எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், நடைமேடை, எதையும் அவர் விடவில்லை.