பிராகில் வரைந்த டாமும் ஜெர்ரியும்

டாம் அண்ட் ஜெர்ரி பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சில படங்கள் மட்டும் ஒட்டாமல் இருந்திருக்கும். அடி விழுந்தால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல ஒரு சத்தம். டாம் ஓடும்போது உடம்பு வெட்டி வெட்டி நகரும். நெடுநேரம் இசையே இருக்காது, பிறகு திடீரென்று வரும். கேபிள் டிவியில் எல்லாக் காலத்துப் படங்களையும் கலந்து போட்டதால் இவை தனிக் கூட்டம் என்பது பலருக்குத் தெரியாமலே போனது. 1961, 1962 ஆண்டுகளில் வெளிவந்த 13 படங்கள் இவை. வரையப்பட்டது செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராகில்.

"அந்தப் பதின்மூன்றும் குப்பை, அவர்களுக்கு கார்ட்டூன் போடத் தெரியவில்லை" என்று இணையத்தில் இன்றும் எழுதுகிறார்கள். அதை ஏற்க என்னால் முடியவில்லை. பிராக்காரர்களுக்குக் கை இருந்தது. அமெரிக்காவிலிருந்து வேலை வந்தது, அந்த வேலையைச் செய்யும் முறை வரவில்லை. இந்தப் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அது எந்தெந்த இடத்தில் தவறிப்போனது என்று காட்டிவிடலாம்.

முதலில் பின்புலம். டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனத்தில் 1940 முதல் 1958 வரை 114 படங்கள் எடுத்தார்கள், ஏழு ஆஸ்கர். 1957-இலேயே எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை இழுத்து மூடிவிட்டது. கையில் முடித்து வைத்திருந்தவை மறு ஆண்டு வரை வெளிவந்தன. சில ஆண்டுகள் கழித்துப் புதிய படங்கள் வேண்டும் என்றபோது சொந்த ஸ்டூடியோ இல்லை. வேலை வில்லியம் ஸ்னைடரின் ரெம்பிராண்ட் ஃபிலிம்ஸுக்குப் போனது. இயக்குநர் ஜீன் டைச். யுபிஏ, டெர்ரிடூன்ஸ் ஸ்டூடியோக்களில் பெயர் எடுத்த அமெரிக்கர். 1959 அக்டோபரில் பத்தே நாள் தங்குவதாக பிராகுக்குப் போனவர், அங்கே தயாரிப்பு நிர்வாகியாக இருந்த ஸ்டென்காவை மணந்து, 2020-இல் 95 வயதில் இறக்கும்வரை அந்த ஊரிலேயே இருந்தார்.

பிராகில் அவருக்குக் கிடைத்தது சாதாரண இடம் அல்ல. 'பிரத்ரி வி திரிகு' 1945-இல் தொடங்கிய ஸ்டூடியோ. பொம்மைப் படங்களால் உலகப் புகழ் பெற்ற யிர்ஜி திரன்கா அதன் நிறுவனர்களில் ஒருவர். நான்கு வயதுச் சிறுவனை ராணுவத்தில் சேர்த்துவிடும் கதையான 'மன்ரோ'வை டைச் பிராக் கலைஞர்களை வைத்தே முடித்தார். 1960-ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் அதற்குக் கிடைத்தது. அமெரிக்காவுக்கு வெளியே தயாரான ஒரு அனிமேஷன் குறும்படம் அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் தடவை. மெல்லிய கோடு, வெற்றுப் பின்னணி, குறைந்த அசைவு என்று அந்தப் படத்துக்கு வேண்டியதெல்லாம் அவர்களுடைய பலமாகவே இருந்தது. அதே ஊரில், அதே இயக்குநர் கையில், அடுத்த ஆண்டே டாம் அண்ட் ஜெர்ரி ஏன் இடறியது?

பணத்தைப் பார்ப்போம். ஒரு படத்துக்குப் பத்தாயிரம் டாலர் என்று கணக்கு. ஏழு நிமிடப் படம் என்றால் 420 விநாடி. விநாடிக்கு 24 ஃபிரேம் வீதம் 10,080 ஃபிரேம். ஆக, ஒரு ஃபிரேமுக்கு ஒரு டாலர். கதை, வரைதல், மை, வண்ணம், கேமரா, இசை, ஒலி எல்லாம் அதற்குள். வரைந்த ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி எடுப்பது கார்ட்டூன் வழக்கம். அப்படிச் செய்தாலும் ஒரு பாத்திரத்துக்கு 5,040 ஓவியம் வேண்டும். செல் என்பது வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒளிபுகும் தாள்; டாம் ஒரு செல்லில், ஜெர்ரி இன்னொரு செல்லில் என்றால் இரட்டிப்பு. அசையாமல் நிற்கும் இடங்களைக் கழித்தாலும் ஆயிரக்கணக்கில்தான் நிற்கும். பணம் போதாதபோது முதலில் வெட்டு விழுவது இன்பிட்வீன் எனப்படும் நடுப்படங்களில். ஒரு முக்கிய நிலைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து படம் வர வேண்டிய இடத்தில் இரண்டு வரும். டாம் வெட்டி வெட்டி நகர்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பணத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. குறைந்த ஓவியங்களை வைத்துக்கொண்டே நன்றாகச் சிரிக்க வைக்கலாம். எந்த ஃபிரேமில் எதை வைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எம்ஜிஎம் படங்களின் உயிர் அந்த டைமிங்கில்தான் இருந்தது.

வாணலியால் அடிக்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஜெர்ரி வாணலியைப் பின்னுக்குக் கொண்டுபோக ஆறு ஃபிரேம். அங்கே எட்டு ஃபிரேம் அசையாமல் நிற்கும்; அடி வரப்போகிறது என்று பார்ப்பவர் புரிந்துகொள்ளும் நேரம் அது. முன்னால் வீச இரண்டே ஃபிரேம், அதில் ஒன்று வாணலி கோடாக இழுபட்டுத் தெரியும் படம். மோதும் நிலை ஒன்றோ இரண்டோ ஃபிரேம். பிறகு டாமின் முகம் வாணலி வடிவத்துக்குத் தட்டையாகி, ஒரு ஃபிரேமுக்கு ஒரு படமாக இடமும் வலமும் மாறி மாறிப் பன்னிரண்டு ஃபிரேம் அதிர்ந்து அடங்கும். வீச்சு வேகமாக இருப்பதாலும் அதற்கு முன் நிறுத்தம் இருப்பதாலும்தான் அடி வலிக்காமல் சிரிப்பு வருகிறது. இதையே இன்பிட்வீன் போடுபவர் சம இடைவெளியில் பிரித்து, வீச்சுக்கு ஆறு ஃபிரேம் கொடுத்தால் வாணலி மிதந்துகொண்டு போகும். எட்டு ஃபிரேம் நிறுத்தத்தை இரண்டாகக் குறைத்தால் அடி திடுமென்று விழுந்து, பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும். பிராக் படங்களில் இந்த இரண்டு கோளாறும் உண்டு, சில இடங்களில் ஒரே காட்சிக்குள்.

இதைத் தடுக்கத்தான் எக்ஸ்போஷர் ஷீட். ஒரு வரிக்கு ஒரு ஃபிரேம். எந்த ஃபிரேமில் எந்தப் படம், எந்த அடுக்கில், கேமரா எங்கே என்று எல்லாம் அதில் இருக்கும். முக்கிய நிலையைக் காட்டும் கீ டிராயிங்கின் ஓரத்திலும் ஒரு சின்னக் கோட்டு அட்டவணை போடுவார்கள்: நடுப்படங்கள் எந்த நிலைக்கு நெருக்கமாக வர வேண்டும், பாதியா, மூன்றில் ஒரு பங்கா என்று. வேலையை வெளியே கொடுக்கும்போது இந்த இரண்டும் முழுதாகப் போனால் பாதிச் சிக்கல் தீரும். மாடல் ஷீட் மட்டும் போதாது. முன், பக்க, பின் தோற்றத்தை அது காட்டும். டாம் எப்படி நடப்பான், திடுக்கிட்டால் எத்தனை ஃபிரேம் உறைவான் என்று காட்டாது. அதற்குப் பழைய படங்களையே ஃபிலிமாகக் கொடுத்து, மேசையில் ஒவ்வொரு ஃபிரேமாக ஓட்டிப் பார்க்க விட வேண்டும். டைச்சின் குழு பழைய படங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றைத்தான் பார்த்திருந்தது. ஆண்டுக்கணக்கில் அதே பூனையையும் எலியையும் வரைந்த கென் மியூஸ், இர்வ் ஸ்பென்ஸ் போன்றோரின் கையை வேறொரு குழு எங்கிருந்து பிடித்திருக்க முடியும்?

அளவு முறையும் வேறு. அமெரிக்க அனிமேட்டர் நேரத்தை ஃபிலிமின் நீளத்தை வைத்து, அடிக்கணக்கில் எண்ணுவார்: 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃபிரேம், அரை அடிக்கு எட்டு, கால் அடிக்கு நான்கு. எல்லாம் பாதிபாதியாகப் பிரியும் எண்கள். இசைக் கணக்கும் இதோடு சேரும்: ஒரு தாளத்துக்கு 12 ஃபிரேம் என்றால் நிமிடத்துக்கு 120 தட்டு, எட்டு ஃபிரேம் என்றால் 180. மீட்டரில் எண்ணினால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 52½ ஃபிரேம். பிரிக்க வராது. இரண்டு ஊர்களுக்கிடையே தாள் போய்வரும்போது அடி, மீட்டர், விநாடி மூன்றையும் விட்டுவிட்டு ஃபிரேம் எண்ணை மட்டும் எழுதுவதே பாதுகாப்பு.

ஒலிதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய இழப்பு. எம்ஜிஎம்மில் ஸ்காட் பிராட்லியின் இசை படத்தின் ஒவ்வொரு காலடியையும் தொட்டது. பார் ஷீட் என்ற திட்டத் தாளில் அசைவும் தாளமும் பக்கத்துப் பக்கத்தில் எழுதப்பட்டன. டாம் வலியில் போடும் அந்தப் பேர்பெற்ற கத்தல் வில்லியம் ஹன்னாவின் சொந்தக் குரல். பிராக் படங்களுக்கு இசை ஷ்டெபான் கொனிசெக், ஒலி டாட் டாக்ஸ்டேடர். டாக்ஸ்டேடர் மின்னணு இசையில் முன்னோடி. தனியாகக் கேட்டால் அவர் ஒலிகள் அபாரம். ஆனால் நீண்ட எதிரொலியோடு ஒரு அடி ஒலித்தால் அது நடக்கும் இடம் சமையலறையாகத் தோன்றாது. ஒலி சட்டென்று நின்றால்தான் அடுத்த அசைவுக்குக் காது தயாராகும். எதிரொலி இழுத்துக்கொண்டே போனால் அது அடுத்த அடியின் மேல் போய் விழும். டைமிங் சரியாக வந்த காட்சிகள்கூட இந்தப் படங்களில் தளர்ந்து தெரிவதற்கு இது ஒரு காரணம்.

ரசனையையும் சொல்ல வேண்டும். யுபிஏவில் பழகிய டைச்சுக்கு டாம் அண்ட் ஜெர்ரியின் வன்முறை பிடிக்காது. அதை அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். பிடிக்காத ஒன்றைச் செய்பவர் அளவு தவறுவார். மூன்று படங்களில் வரும் அந்தத் தடித்த முதலாளியைப் பாருங்கள். முகம் சிவக்கச் சிவக்க டாமை வதைக்கிறார், காட்சி முடிவதாகக் காணோம். பழைய படங்களில் துடைப்பத்தால் அடி விழும், கதை நகர்ந்துவிடும். இங்கே கேமரா அடிபடுபவனிடமே நிற்கிறது.

பொருள் சார்ந்த சிக்கல்கள் எந்த ஊருக்கு வேலை போனாலும் வரும். தாளையும் செல்லையும் பிடிக்கும் பெக் பார் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் உருண்டை, இருபுறமும் தட்டை என்ற அளவுக்குத் துளையிட்ட தாளை வேறு பெக்கில் மாட்டினால் படம் திரையில் நடுங்கும். செல் தெளிவாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். ஆகவே டாமின் சாம்பல் நிறம் மேலடுக்கில் ஒரு மாதிரியும் மூன்று அடுக்குக் கீழே வேறு மாதிரியும் இருக்கும். அடுக்குக்கு ஏற்ப வண்ணத்தைச் சற்று வெளுப்பாகக் கலக்க வேண்டும். ஒரு பாத்திரம் வெளியேறினால் அந்த இடத்தில் வெற்றுச் செல் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னணி சட்டென்று பளிச்சிடும். வண்ணங்களுக்குப் பெயர் சொல்லி அனுப்பாமல் எண்ணிட்ட மாதிரி அட்டை அனுப்புவது அதனால்தான்.

டைச் உள்ளூரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டது இந்த ஏற்பாட்டின் பெரிய நன்மை. அது இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டுமானால் அதே காலத்துப் பாப்பாய்! கிங் ஃபீச்சர்ஸ் 1960-இலிருந்து சுமார் இரண்டு ஆண்டுகளில் டிவிக்காக 220 பாப்பாய் படங்களை எடுத்துத் தள்ளியது. ஹாலிவுட், நியூயார்க் ஸ்டூடியோக்களுக்கும், ரெம்பிராண்ட் வழியாக லண்டனின் ஹாலஸ் அண்ட் பாச்சலர் உட்பட ஐரோப்பிய ஸ்டூடியோக்களுக்கும் வேலை பிரிந்து போனது. ஒரு படத்தில் பாப்பாயின் முன்கை ஒரு தடிமன், அடுத்ததில் வேறு.

பிராக் படங்களின் முடிவில் 'ஹாலிவுட், யு.எஸ்.ஏ.வில் தயாரிக்கப்பட்டது' என்று போட்டார்கள். பனிப்போர்க் காலம், கம்யூனிஸ்ட் நாட்டின் பெயர் அமெரிக்கத் திரையில் வரக்கூடாது. ஷ்டெபான் கொனிசெக் 'ஸ்டீவன்' ஆனார். அவரைப் போலவே இசையமைப்பாளரான வாத்ஸ்லாவ் லீட்ல் 'விக்டர் லிட்டில்' ஆனார். உழைத்தவர்களின் பெயரை இப்படி மாற்றியதை இப்போது படித்தாலும் கோபம் வருகிறது.

1963-இல் வேலை அமெரிக்காவுக்குத் திரும்பி சக் ஜோன்ஸிடம் போனது. அவர் பங்கு 34 படங்கள். பிராகில் டைச் தொடர்ந்து வேலை செய்தார். அவருடைய சொந்தப் பாத்திரமான நட்னிக் தொடரின் ஒரு படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. கிங் ஃபீச்சர்ஸுக்காக அந்தப் பாப்பாய் படங்களைத் தயாரித்த அல் பிராடாக்ஸ் பிறகு லண்டனின் டிவிசி ஸ்டூடியோவுக்கு பீட்டில்ஸ் டிவி கார்ட்டூன் வேலையைக் கொடுத்து, 1968-இல் அங்கேயே 'யெல்லோ சப்மரீன்' முழுநீளப் படத்தையும் எடுத்தார். அதில் பாத்திரங்களையும் உலகத்தையும் வடிவமைத்தவர் ஹைன்ஸ் எடெல்மன் என்ற ஜெர்மன் ஓவியர். ஹாலிவுட் மாடல் ஷீட்டைப் பார்த்து எவரும் வரைய வேண்டியிருக்கவில்லை.

பார்க்க விரும்புவோர் முதலில் 'மன்ரோ'வைப் பாருங்கள். அடுத்து பிராக் வரிசையின் முதல் படமான 'ஸ்விட்சின் கிட்டன்'. அதை ஒரு தடவை ஒலியை நிறுத்திவிட்டு, ஒரு தடவை ஒலியோடு. ஒலி இல்லாமல் ஓட்டும்போது பின்னணி ஓவியத்தைக் கவனியுங்கள். வண்ணத் தேர்வு பல இடங்களில் மிக அழகு. பிறகு ஏதாவது ஒரு அடிதடிக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி, அடிக்கு முன் எத்தனை ஃபிரேம் நிற்கிறது என்று எண்ணுங்கள். 1940-களின் எம்ஜிஎம் படம் ஒன்றிலும் அதே போல எண்ணி, இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.