அட்டைப்பெட்டியும் அழாத சேரனும்

அக்டோபர் 12, ஞாயிறு

ராத்திரி ‘யுத்தம் செய்’ பார்த்தேன். 2011இல் மிஷ்கின் எடுத்தது. ஆள் நடமாட்டமுள்ள இடங்களில் அட்டைப்பெட்டி கிடக்கிறது; திறந்தால் வெட்டிய கை. துப்புத் துலக்க வரும் சிபிசிஐடி அதிகாரி ஜே.கே.வின் தங்கையையும் காணவில்லை. வேறு படமென்றால் ஹீரோ இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு வசனம் பேசியிருப்பார். ஜே.கே.வாக வரும் சேரன் வாயே திறப்பதில்லை. ‘ஆட்டோகிராஃப்’பில் அப்படி அழுத மனுஷன், இதில் அத்தனையையும் உள்ளே அடக்கிக்கொண்டு நடக்கிறார். படத்தின் பெரிய பலம் அதுதான்.

“மேலூர்ப் பக்கம் பழையூர்பட்டிக்காரர்ல, அழுத்தம் இருக்கத்தான செய்யும்” என்றார் சித்தப்பா. ஊர்ப்பாசம்!

அக்டோபர் 13, திங்கள்

பெரியார் பஸ் ஸ்டாண்டில் தூணோரம் ஒரு அட்டைப்பெட்டி. தீபாவளிச் சரக்காக இருக்கும். இருந்தாலும் ஒதுங்கித்தான் நடந்தேன். படத்தில் ரத்தத்தைக் கொட்டிக் காட்டியிருந்தால் இந்தப் பயம் வந்திருக்காது.

அக்டோபர் 15, புதன்

படம் பார்க்காதவர்கள் இன்றைக்கு எழுதியதைத் தாண்டிவிடுங்கள்.

அக்காவோடு விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனோம். கூட்டத்தில் நிற்கும்போது படத்தின் முடிச்சு ஞாபகம் வந்தது. அதுவும் ஜவுளிக்கடையில் தொடங்குவதுதான். நம்மைப் போலத் துணி எடுக்கப் போன குடும்பம் பழிவாங்க எதுவரை போகிறது என்பதில் நியாயமான கோபம் இருக்கிறது. ஒய்.ஜி.மகேந்திரன் நன்றாகச் செய்திருக்கிறார். மொட்டையடித்துக்கொண்டு நடித்த லட்சுமி ராமகிருஷ்ணன் அவரையும் தாண்டிவிடுகிறார்.

ஆனால் அந்தக் கதையை மொத்தமாகக் கடைசியில் கொட்டியிருக்க வேண்டாம். அதுவரை ஜே.கே.வோடு சேர்ந்து நாமும் தேடினோம். அப்புறம் உட்கார்ந்து கேட்க மட்டும்தான் வேலை. வில்லன்களோ வெறும் வக்கிரம் பிடித்த பணக்காரர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு வீட்டில் என்ன முகம், வெளியில் என்ன மரியாதை என்று கொஞ்சம் காட்டியிருந்தால் இன்னும் குலை நடுங்கியிருக்கும். பாலத்துச் சண்டையில் அடியாட்கள் முறை வைத்து வந்து அடி வாங்குவதும் சிரிப்பாக இருந்தது. மச்சானுக்கு அதுதான் பிடித்த சீனாம், சரி.

அக்டோபர் 16, வியாழன்

எழுத விட்டுப்போனது: ‘கன்னித்தீவு பொண்ணா’. தனியாகக் கேட்டால் ஆட்டம் போட வைக்கும் பாட்டு. இத்தனை இறுக்கமான படத்துக்கு நடுவில் அது எதற்கு? அடுத்த தடவை பார்த்தால் அந்த இடத்தை ஓட்டிவிடுவேன்.