நூறு நாள் கழித்துக் கைக்கு வந்த லைசென்ஸ்

நேற்றுப் பின்னேரம் மூன்றரைக்குக் கார் ஓட்டும் லைசென்ஸ் என் கைக்கு வந்தது. பெப்ரவரி 6 அன்று பொலிஸ் வாங்கியது, மே 17 அன்று திரும்பியது. எண்ணிப் பார்த்தால் சரியாக நூறு நாள். 3,000 ரூபா தண்டத்தோடு முடிந்திருக்க வேண்டிய அலுவல் வழக்காகி, அழைப்பாணையாகி, இரண்டு தரம் அநுராதபுர மாவட்டத்துக்கு அலைய வைத்துவிட்டது. எங்கே பிழைத்தது என்பதை மறப்பதற்கு முன் எழுதி வைக்கிறேன். தெற்கே கார் ஓட்டிப் போகிற எங்கட ஆட்களில் ஒருவருக்காவது உதவட்டும்.

அண்ணாவைக் கட்டுநாயக்காவில் இறக்கிவிட்டு, புத்தளம் வழியாக யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏ-12 வீதியில் ஒரு சின்ன நகரம். ஊர்மனைக்குள் 50 தான் எல்லை. பொலிஸாரின் வேகமானியில் 58 என்று காட்டியது. பிழை என்னுடையது, மறுக்கவில்லை. அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். லைசென்ஸை வாங்கிக்கொண்டு தண்டப்பத்திரத்தை எழுதித் தந்தார். அந்தப் பத்திரமே 14 நாளைக்குத் தற்காலிக அனுமதி. அதற்குள் தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசென்ஸை எடுக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசல்தான் எங்களுக்கு வீடு. தண்டப்பத்திரம் கார் லாச்சிக்குள்ளேயே கிடந்தது. நினைவு வந்து தபாற்கந்தோருக்கு ஓடியபோது பதினேழாம் நாள்.

கவுண்டரில் இருந்தவர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டேற் முடிஞ்சுது தம்பி. இனி எங்களால எடுக்கேலாது. கோட்டுக்குத்தான் போகவேணும்" என்றார். பின்னால் பென்சன் எடுக்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். நானும் சரி என்று திரும்பிவிட்டேன்.

இந்த இடத்தில்தான் எல்லாம் பிழைத்தது. 14 நாள் கடந்துவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை. பதினைந்தாம் நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாள் வரை இரட்டிப்புத் தண்டம் கட்டலாம். எனக்கு அது 6,000 ரூபா. அன்று பையில் அதைவிடக் கூடவே காசு இருந்தது. அந்த ஒரு வசனத்தை அவர் சொல்லியிருந்தால், அல்லது எனக்கே தெரிந்திருந்தால், வழக்கு என்ற பேச்சே இல்லை. கவுண்டரில் மாட்டேன் என்றால் தபாலதிபரைக் கேளுங்கள். "28 நாள் இன்னும் முடியேல்லை, இரட்டிப்பாக் கட்டுறன்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, நகராதீர்கள்.

அடுத்த பிழையும் நான் விட்டதுதான். கோட்டுக்குப் போக முதல் பொலிஸ் நிலையத்தில் கதைத்துப் பார்ப்போம் என்று மார்ச் நடுவில் புறப்பட்டேன். தற்காலிக அனுமதி முடிந்துவிட்டதால் கார் ஓட்ட முடியாது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் அது வேறு வழக்கு, விபத்து என்றால் காப்புறுதிக்காரரும் கைவிட்டுவிடுவார்கள். ரயிலும் அப்போது இல்லை. அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் பாதை திருத்துவதற்காக 2023 ஜனவரியில் மூடியிருந்தார்கள். விடிய நாலரைக்கு பஸ் ஏறி, வவுனியாவில் ஒன்று, அநுராதபுரத்தில் ஒன்று என்று மாறி, பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

போக்குவரத்துப் பிரிவில் இருந்த சார்ஜன்ட் பெரிய கொப்பி ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். லைசென்ஸ் அங்கே இல்லை, நீதிமன்றத்துக்கு அனுப்பியாயிற்று, அழைப்பாணை வரும், வந்த பிறகு வாங்கோ என்று அரைகுறைத் தமிழில் சொன்னார். அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். என் கையில் இருந்த தண்டப்பத்திர மூலத்தை வாங்கிக் கோவைக்குள் செருகிவிட்டார். அதைப் பெற்றுக்கொண்டதாக ஒரு துண்டு எழுதித் தாருங்கள் என்று எனக்குச் சிங்களத்தில் கேட்கத் தெரியவில்லை. வெறுங்கையோடு வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றபோது நெஞ்சு படபடத்தது. இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, சாப்பாடு எல்லாம் அதோடு போயிற்று.

வீட்டில் சொன்னபோது தங்கச்சி தன் போனைத் தூக்கிக் காட்டினாள். பத்திரத்தின் இரண்டு பக்கத்தையும் அவள் முதல் நாளே படம் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் படம் பிறகு எப்படிக் கை கொடுத்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் எங்கள் ஊர்ப் பொலிஸ்காரர் ஒருவர் அழைப்பாணையைக் கொண்டுவந்து தந்து கையெழுத்து வாங்கினார். முழுக்கச் சிங்களம். அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்றிரவு சாப்பிடவே இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் கோட்டுக் கடிதம் வந்ததில்லை. சந்தியில் பேக்கரி வைத்திருக்கிற அண்ணை சிங்களம் வாசிப்பார். அவரிடம் கொண்டுபோய்த் திகதி, நேரம், வழக்கு இலக்கம் மூன்றையும் தமிழில் எழுதி வாங்கினேன். அழைப்பாணை வந்தால் முதல் செய்ய வேண்டியது இதுதான். திகதியைக் குத்துமதிப்பாக விளங்கிக்கொண்டு தவறவிட்டால் பிடியாணை போடுவார்கள்.

இந்த முறை தனியே போகவில்லை. மச்சானையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே போய் அநுராதபுரத்தில் தங்கினோம். காலையில் வாசலிலேயே ஒருவர் மறித்தார். 15,000 தந்தால் உள்ளே போகாமலே முடித்துத் தருகிறேன் என்றார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்துவிட்டோம். குற்றத்தை ஒப்புக்கொள்வதென்றால் சட்டத்தரணி கட்டாயமில்லை. மறுத்து வழக்காடப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஒருவரைப் பிடியுங்கள், அதுவும் வாசலில் நிற்பவர் மூலமாக வேண்டாம்.

உள்ளே போனதும் முதலியாரைத் தேடினேன். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் அப்படிச் சொல்வார்கள். வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம். ஆனால் அந்த மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பு தர வேண்டியது அரசின் கடமை என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகவே அது யாரும் செய்கிற தயவு அல்ல. நான் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்டேன். வயதான அந்த மனிதர், "அதுக்குத்தானே தம்பி நான் இருக்கிறன். உங்கட பேர் கூப்பிட்டாக் கையை உயர்த்துங்கோ" என்றார். இந்த நூறு நாளில் ஓர் அலுவலகத்துக்குள் நான் கேட்ட முதல் கனிவான சொல் அது.

பதினொன்று பத்துக்கு என் பெயர். கூண்டில் ஏறினேன். குற்றச்சாட்டை வாசித்து முடித்து, "வெரதிகருத, நிவெரதிகருத?" என்று கேட்டார்கள். குற்றவாளியா, சுற்றவாளியா என்று முதலியார் தமிழில் கேட்டார். குற்றவாளி என்றேன். அம்மாவின் ஆஸ்பத்திரித் துண்டைக் காட்டிக் காரணம் சொல்ல விரும்புகிறேன் என்றதும் நீதவான் அதை வாங்கிப் பார்த்தார். தண்டம் 8,000 ரூபா. எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் இருக்காது.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம் இதற்குப் பிறகுதான் வந்தது. தண்டம் விதித்ததும் நீங்கள் வெளியே போய்க் காசு எடுத்துவர முடியாது. என்னைப் பொலிஸ்காரர் ஓரத்தில் இருந்த வாங்கில் இருத்திவிட்டார். கட்டி முடித்துப் பற்றுச்சீட்டு வரும்வரை எழும்பக் கூடாது. பக்கத்தில் இருந்த பெடியனுக்கு ஒருவரும் வரவில்லை. போனும் வெளியே கொடுத்துவிட்டு வந்திருந்தான். மத்தியானம் வரை அப்படியே இருந்தான், முகம் வெளிறிப்போய். எனக்கு மச்சான் இருந்ததால் அவர் கவுண்டருக்குப் போய்க் கட்டினார். காசாகத்தான் வாங்கினார்கள். ஆகவே ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர் கையில் எதிர்பார்க்கிறதைவிட இரண்டு மடங்கு காசு கொடுத்து வையுங்கள்.

பற்றுச்சீட்டோடு லைசென்ஸ் எடுக்கப் பதிவறைக்குப் போனோம். அங்கே இருந்தவர் தண்டப்பத்திர மூலத்தைக் கேட்டார். பொலிஸ் வாங்கிவிட்டது என்றேன். தலையைத் தூக்காமலே "ஹெட்ட என்ன" என்றார். நாளைக்கு வா. இருநூறு கிலோமீற்றருக்குக் கிட்டத் தாண்டி வந்தவனுக்கு நாளைக்கு வா!

தங்கச்சி எடுத்த படத்தை முதல் நாளே யாழ்ப்பாணத்தில் இரண்டு தாளில் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். ஒன்றை நீட்டினேன். அவர் தொடவில்லை. விறாந்தையில் போய்க்கொண்டிருந்த முதலியார் எங்களைக் கண்டுவிட்டு உள்ளே வந்தார். இரண்டு பேரும் சிங்களத்தில் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். முதலியார் தாளில் இருந்த இலக்கத்தை விரலால் தட்டிக் காட்டினார். அந்த இலக்கத்தை வைத்துக் கோவையைத் தேடி எடுக்க ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. கோவையைத் திறந்தபோது சார்ஜன்ட் செருகிய மூலமும் என் லைசென்ஸும் ஒரே பின்னில் குத்தி இருந்தன.

  ஆகவே தண்டப்பத்திரம் கைக்கு வந்த அன்றே இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள், பதினான்காம் நாளையும் இருபத்தெட்டாம் நாளையும் வீட்டுக் கலண்டரில் வட்டமிட்டுவிடுங்கள். மூலத்தை யார் கேட்டாலும் போட்டோகொப்பியில் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். சிங்களம் எழுதத் தெரியாவிட்டால், "மூலத்தைப் பெற்றுக்கொண்டேன்" என்ற ஒரு வசனத்தைச் சிங்களத்தில் எழுதுவித்துக் கொண்டுபோங்கள்.

இரவு வீட்டுக்கு வந்து லைசென்ஸை அம்மாவின் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.